டோர்ன் காட்டின் அமைதி எங்கிருந்து வருகிறது

எங்கள் தெரு முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. அந்த இடத்தில் ஒரு சின்னப் பலகை நட்டிருக்கிறார்கள். சூரியன் உதித்ததிலிருந்து மறையும் வரை உள்ளே வரலாம், பாதையை விட்டு விலகக் கூடாது, நாயைக் கயிற்றோடு பிடித்துக்கொள்ள வேண்டும், மீறினால் குற்றவியல் சட்டத்தின் 461ஆம் பிரிவு பாயும். குடிவந்த புதிதில் இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். காட்டுக்கு ஒரு வாசல், அதற்கு நேரம், அதன் பின்னால் ஒரு சட்டப்பிரிவு. இங்கே வாழ்கிற வாழ்க்கை எனக்குப் பிடிபட ஆரம்பித்தது அந்தப் பலகையிலிருந்துதான் என்று இப்போது தோன்றுகிறது.

நெதர்லாந்தின் நடுவில், உட்ரெக்ட் மாகாணத்தில், உட்ரெக்ட்ஸ ஹூவெல்ரக் என்று ஒரு நகராட்சி. ஹூவெல்ரக் என்றால் குன்றின் முதுகு. டோர்ன், ட்ரீபெர்கன், மார்ன், மார்ஸ்பெர்கன், லேர்சம், அமரோங்கன், ஓவர்பெர்க் என்று ஏழு ஊர்கள், எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 50,000 பேர். 2006 ஜனவரி 1 வரை இவை ஐந்து தனித்தனி நகராட்சிகளாக இருந்தன. அன்றைக்கு ஒன்றாக்கினார்கள். டச்சு நாட்டில் இது தொடர்ந்து நடக்கிற வேலை. 1900 வாக்கில் ஆயிரத்துக்கும் மேல் இருந்த நகராட்சிகள் இப்போது 350க்கும் குறைவு. ஆனாலும் இங்கே யாரைக் கேட்டாலும் தன் ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள், நகராட்சிப் பெயர் வரிக் கடிதத்தில் மட்டும்தான் வரும்.

நெதர்லாந்து என்றதும் நமக்குத் தட்டையான பச்சை வயல், வாய்க்கால், காற்றாலை நினைவுக்கு வரும். இங்கே நிலம் ஏறி இறங்குகிறது. ஏறத்தாழ 1,50,000 ஆண்டுகளுக்கு முன், வடக்கிலிருந்து வந்த பனிப்பாளம் ஆற்று மணலையும் கூழாங்கல்லையும் புல்டோசர் மாதிரித் தள்ளிக்கொண்டு வந்து ஒரு வரப்பாகக் குவித்துவிட்டுப் போனது. அந்த வரப்புதான் இந்தக் குன்று. மிக உயரமான அமரோங்கன் குன்று 69 மீட்டர். சிரிக்க வேண்டாம், பாதி நாடு கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கிற இடத்தில் 69 மீட்டர் என்பது சைக்கிளில் ஏறினால் மூச்சு வாங்க வைக்கிற உயரம். பனி கொண்டுவந்தது மணல் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். மணலில் தண்ணீர் நிற்காது. நல்ல விளைச்சல் வராது. அதனால் பெரிய நகரங்கள் இங்கே வளரவில்லை. நிலம் மலிவாகக் கிடந்தது. கீழே இறங்கிய மழைநீர் மட்டும் மணலுக்குள் வடிகட்டப்பட்டுத் தேங்கியது, இந்த ஊர்களின் குழாயில் வருவது அந்த நிலத்தடி நீர்தான்.

அடுத்து, பலரும் தவறாக நினைக்கிற ஒரு விஷயம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இது ஆதிகாலத்துக் காடு, மனிதக் கை படாமல் எப்படியோ தப்பித்து நிற்கிறது என்று. உண்மை நேர்மாறு. இடைக்காலத்திலிருந்தே இங்கிருந்த காட்டை விறகுக்கும் கட்டுமானத்துக்கும் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். அப்புறம் ஆடு மேய்ந்தது. மேய்ந்த நிலத்தின் மேல்மண்ணைப் புல்லோடும் புதரோடும் சேர்த்துத் தகடு தகடாக வெட்டி எடுத்துத் தொழுவத்தில் பரப்பி, சாணத்தோடு ஊற வைத்து, வயலுக்கு உரமாகப் போட்டார்கள். பல நூற்றாண்டுகள் இப்படி ஓடின. வயல் பிழைத்தது, குன்று மொட்டையானது. ஹைடே என்று இவர்கள் சொல்கிற ஊதா நிறப் பூப்புதர் வெளியும், சில இடங்களில் காற்றில் பறக்கிற வெறும் மணலுமாகக் கிடந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் டோர்னிலிருந்து வடக்கே பார்த்திருந்தால் அடிவானம் வரை மரம் அரிதாகத்தான் தெரிந்திருக்கும்.

இப்போது நாம் நடக்கிற பைன் காட்டில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வரிசை பிடித்து நட்டது. கொஞ்சம் கவனித்தால் அந்த வரிசை இன்றைக்கும் தெரியும், ஒரு கோணத்தில் நின்றால் மரங்கள் பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி நேராகிவிடும். எதற்கு நட்டார்கள்? ஒன்று, பறக்கிற மணலைப் பிடித்து நிறுத்த. இன்னொன்று, வியாபாரம். நாட்டின் தெற்கே லிம்பர்க்கில் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன, அவற்றின் கூரையைத் தாங்க மரக்கம்பம் வேண்டும். பைன் மரம் ஒடிவதற்கு முன் முறுகி முனகும், ஆபத்து வருகிறது என்று தொழிலாளிகள் ஓடித் தப்பிக்க நேரம் கிடைக்கும், அதனால் அதற்குத்தான் கிராக்கி. 1899இல் அரசே ஸ்டாட்ஸ்போஸ்பெஹேர் என்ற வனத்துறையை ஆரம்பித்தது. இன்றைக்கு நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு காடு என்றால் அதில் பெரும்பாலானது இப்படிக் கையால் வைத்ததுதான். நான் காலையில் நடக்கிற பாதையின் இருபுறமும் நிற்பவை ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் கணக்குப் புத்தகத்தில் எதிர்கால வரவாக எழுதப்பட்டவை.

நட்டவர்களில் பணக்காரர்கள் நிறைய. உட்ரெக்டிலிருந்து ஸைஸ்ட், ட்ரீபெர்கன், டோர்ன் வழியாகக் கிழக்கே போகிற பழைய சாலை நெடுக மாளிகைகள். ஆம்ஸ்டர்டாமின் வணிகர்களும் வங்கிக்காரர்களும் கோடைக்கு இங்கே வந்து தங்கினார்கள். கால்வாய் நாற்றத்திலிருந்து தப்பிக்க அவர்களுக்கு உலர்ந்த மணல் நிலமும் நல்ல காற்றும் வேண்டியிருந்தது. 1844இல் ட்ரீபெர்கனுக்கு ரயில் வந்ததும் அது இன்னும் சுலபமாயிற்று. டோர்னை ஒட்டிய காட்டுக்குக் காப்ஸ போஸன் என்று பெயர், அதாவது முனைக் காடு. ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஹென்றிக் ஸ்வெல்லன்ஹ்ரேபெலின் குடும்பம் இங்கே நிலம் வைத்திருந்ததால் வந்த பெயர். அமரோங்கன் கோட்டையும் அப்படித்தான் என்னை யோசிக்க வைத்தது. 1673இல் பிரெஞ்சுப் படை எரித்த அந்தக் கோட்டையைத் திரும்பக் கட்டியவர்கள் வான் ரேடே குடும்பம். அதே வம்சத்தின் வேறொரு கிளையில் வந்த ஹென்றிக் வான் ரேடேதான் மலபாரில் தளபதியாக இருந்து, அங்கத்திய செடிகொடிகளைப் பற்றிப் பெரிய நூல்வரிசையைத் தொகுப்பித்தவர். பழவேற்காட்டிலிருந்த கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்ற முடிவெடுத்ததும் அவரே. அமரோங்கன் கோட்டைச் சுவரில் அந்தக் குடும்பப் பெயரைப் படித்தபோது எனக்கு நாகப்பட்டினக் கடற்கரை ஞாபகம் வந்தது. இந்த அமைதியான காட்டுக்கும் தூரத்துத் துறைமுகங்களுக்கும் இடையே ஒரு கயிறு உண்டு, அதைச் சொல்லாமல் இந்த மாளிகைகளின் அழகை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த மாளிகைக்காரர்கள் போன பிறகு ஏன் இந்த நிலங்கள் மனைகளாகத் துண்டாடப்படவில்லை? சொத்து வரியும் வாரிசு வரியும் ஏற ஏற, குடும்பங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, 1928இல் ஒரு சட்டம் வந்தது. இயற்கை அழகுச் சட்டம் என்று சொல்லலாம். மரத்தையும் தோட்டத்தையும் அப்படியே பராமரித்தால் வரிச்சலுகை, அதோடு பொதுமக்கள் நடக்கத் திறந்துவிட்டால் இன்னும் கூடுதல் சலுகை. தனியார் தோட்டத்துக்குள் எனக்கும் உங்களுக்கும் நடைபாதை கிடைத்திருப்பதற்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம். தெருமுனைப் பலகையின் அர்த்தம் இப்போது புரிகிறது அல்லவா? உள்ளே வரலாம் என்பதும், பாதையை விட்டு விலகாதே என்பதும் ஒரே பேரத்தின் இரண்டு பக்கங்கள். அப்புறம் 2003இல் இந்தக் குன்றின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தார்கள்.

டோர்னைப் பற்றிப் பேசும்போது ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியமை விட முடியாது. முதல் உலகப் போரில் தோற்று 1918 நவம்பரில் எல்லை தாண்டி ஓடி வந்தவர், முதலில் அமரோங்கன் கோட்டையில் தங்கினார், முடிதுறக்கும் பத்திரத்தில் கையெழுத்திட்டதும் அங்கேதான். 1920இல் டோர்னில் வாங்கிய மாளிகைக்கு மாறி, 1941இல் சாகும் வரை அங்கேயே இருந்தார். அவருடைய அன்றாட வேலை மரம் வெட்டுவது. ஆயிரக்கணக்கில் வெட்டினார் என்கிறார்கள். மாளிகை இப்போது அருங்காட்சியகம், அவர் உடல் தோட்டத்திலுள்ள சிறிய மண்டபத்தில். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்திருக்க வேண்டிய ஒருவருக்கு இந்த ஊர் பொருத்தமாக இருந்தது என்பது. ஒதுக்குப்புறம் என்பதற்கு அப்போதே ஒரு மதிப்பு இருந்திருக்கிறது.

சரி, இன்றைய நிலைக்கு வருவோம். அமைதி என்று நான் சொல்கிறது முழு நிசப்தம் இல்லை. A12 நெடுஞ்சாலை குன்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, தெற்குக் காற்று அடிக்கும் நாளில் மார்ன் பக்கம் அந்த இரைச்சல் நன்றாகக் கேட்கும். மான்களும் வளைக்கரடிகளும் கடப்பதற்காக அதன் மேல் மண்ணும் புதருமாகப் பாலம் கட்டியிருக்கிறார்கள். டோர்னில் கடற்படைச் சிப்பாய்களின் முகாம் இருக்கிறது, பாரம் சுமந்து ஓடுகிற இளைஞர்களைக் காட்டுப் பாதையில் அடிக்கடி பார்ப்பேன். ஊருக்குள் பெரும்பாலான தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை புல்வெட்டும் இயந்திரத்தை எடுக்காமல் இருப்பது எங்கள் தெருவில் எல்லாரும் கடைப்பிடிக்கிற வழக்கம், யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, முதல் ஞாயிறு நான் எடுத்தபோது எதிர்வீட்டு அம்மா ஜன்னலருகே வந்து நின்றார், அவ்வளவுதான், அதிலேயே புரிந்துவிட்டது.

எங்கள் பின்கட்டில் ஒரு ஓக் மரம் இருக்கிறது. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால் வைத்தது. கோடையில் பகல் முழுக்க நிழல், கொத்தமல்லிகூட முளைக்காது. ஒரு வருஷம் ஓக் மரங்களை மொய்க்கிற கம்பளிப்புழுக்கள் வந்து, அவற்றின் ரோமம் பட்டுப் பிள்ளைகளுக்குக் கை கால் எல்லாம் தடிப்பு. மரத்தை எடுத்துவிடலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அப்போதுதான் முறை தெரிந்தது. குறிப்பிட்ட பருமனைத் தாண்டிய மரத்தை, அது உங்கள் மண்ணில் நின்றாலும், நகராட்சி அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. விண்ணப்பம் பொதுவில் அறிவிக்கப்படும், அனுமதி கொடுத்தாலும் அக்கம்பக்கத்தார் ஆறு வாரத்துக்குள் ஆட்சேபிக்கலாம். காட்டிலும் ஒரு பரப்பை வெட்டினால் மூன்று ஆண்டுக்குள் திரும்ப நட வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான விதி. நான் விண்ணப்பிக்கவில்லை. பூச்சி பிடிக்கிற ஆட்களைக் கூப்பிட்டுப் புழுக்கூட்டை உறிஞ்சி எடுக்கச் செய்தோம், மரம் நிற்கிறது. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது உண்மை. ஆனால் தெருவிலுள்ள எல்லாரும் அவரவர் எரிச்சலுக்கு ஒரு மரம் வெட்டியிருந்தால் இங்கே பார்ப்பதற்கு என்ன மிஞ்சியிருக்கும் என்றும் யோசித்தேன்.

மரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதை லேர்சம்காரர்களிடம் கேட்க வேண்டும். 2021 ஜூன் 18, வெள்ளிக்கிழமை மாலை, சில நிமிஷங்களில் அந்த ஊர் அடையாளம் தெரியாமல் போனது. முதலில் சூறாவளிச் சுழல் என்றார்கள், பிறகு டச்சு வானிலை நிலையம் அது மேகத்திலிருந்து நேராகக் கீழே விழுந்து நாலாபுறமும் பரவிய காற்று என்று உறுதி செய்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன, கூரைகள் மேலும் கார்கள் மேலும் விழுந்தன, பலருக்குக் காயம். மறுநாள் போய்ப் பார்த்தேன், நூறு வருஷத்து பீச் மரம் வேரோடு மண் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டு உயரத்துக்கு நின்றது. மணலில் வேர் பிடித்த விதத்தை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன்னால் 2018 கோடை வறட்சியில் ஸ்ப்ரூஸ் மரங்கள் தாகத்தில் பலமிழந்து, பட்டைக்குள் துளைக்கிற வண்டு ஏறி, கூட்டம் கூட்டமாகக் காய்ந்தன. ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டதன் விலை அது. அதனால் இப்போது வனத்துறையினர் பைனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இலையுதிர் மரங்களைக் கலக்கிறார்கள், சில இடங்களில் பழைய ஹைடே வெளியைத் திரும்பக் கொண்டுவரக் காட்டையே அகற்றுகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. எது அசல் நிலம், 1800இன் மொட்டை வெளியா, 1900இன் பைனா, அதற்கும் முந்தைய ஓக் காடா? கூட்டங்களில் இந்தக் கேள்வி வரும்போது குரல்கள் உயரும். என் கருத்து, கலப்புக் காடுதான் நாளைக்கு நிற்கும். ஆனால் சிறு வயதிலிருந்து ஒரு பைன் வரிசையில் நடந்த எண்பது வயதுக்காரரிடம் அதைச் சொல்ல வாய் வருவதில்லை.

எண்பது வயது என்று சும்மா சொல்லவில்லை. நாட்டுச் சராசரியைவிட இங்கே முதியவர்கள் அதிகம். வீட்டு விலைதான் காரணம். காடு பாதுகாக்கப்பட்டது, குன்று பாதுகாக்கப்பட்டது, ஊர் எல்லைக்கு வெளியே கட்ட முடியாது, உள்ளே கட்டினாலும் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளுக்குப் பக்கத்தில் என்றால், கட்டுமானத்தால் அங்கே எவ்வளவு நைட்ரஜன் படியும் என்று கணக்கு காட்ட வேண்டும். 2019 மே மாதம் உச்ச நிர்வாக நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு நாடு முழுக்க அந்தக் கணக்கு இறுகிவிட்டது. உட்ரெக்ட் வட்டாரத்தில் குறைந்த வாடகை வீட்டுக்குப் பெயர் பதிந்து பத்து ஆண்டுக்கும் மேல் காத்திருக்கிறவர்கள் ஏராளம். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு ஊசி போட வருகிற செவிலிப் பெண் டோர்னில் பிறந்தவர், இப்போது பக்கத்து நகரமான ஃபேனன்டாலிலிருந்து வந்து போகிறார். பள்ளி ஆசிரியர்களும் அப்படித்தான். அமைதியைக் காப்பாற்றுகிற அதே விதிகள் அவர்களை வெளியே நிறுத்துகின்றன. இந்த ஊரை நேசிக்கிறேன், ஆனால் இதை மட்டும் என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை. ஊருக்கு நடுவில் காலியான பள்ளிக் கட்டடத்தில், பழைய அலுவலகத்தில், பெரிய மாளிகைகளைப் பிரித்துச் சிறு வீடுகளாக்கலாம், ஒரு மரமும் விழ வேண்டியதில்லை. எதிர்ப்பு வருவது காட்டுக்காக என்று பேச்சு, பல சமயம் அது கார் நிறுத்தும் இடத்துக்காக.

இதையெல்லாம் முடிவு செய்வது டோர்னிலுள்ள நகராட்சி மன்றம். மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, ஆறு ஆண்டுக்கு அரச ஆணையால் நியமிக்கப்படுகிறார். மன்றத்தைத்தான் நாம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறோம். இங்கே வாழ்கிற நம் மக்களில் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: டச்சுக் குடியுரிமை இல்லாவிட்டாலும், தொடர்ந்து ஐந்து ஆண்டு சட்டப்படி வசித்திருந்தால் நகராட்சித் தேர்தலில் ஓட்டு உண்டு. 2022 மார்ச் தேர்தலுக்கு எனக்குத் தபாலில் வாக்காளர் அழைப்புச் சீட்டு வந்தது. வாக்குச்சாவடியில் போர்வை அகலத்துக்கு ஒரு தாள், ஒரு சிவப்புப் பென்சில், ஒரு வட்டத்தை நிரப்ப வேண்டும். என் வாழ்க்கையில் வீடு, மரம், பேருந்து நிறுத்தம் என்று இவ்வளவு பக்கத்து விஷயத்துக்கு நான் ஓட்டுப் போட்டது அதுதான் முதல் முறை.

அப்புறம் ஓநாய். நூற்றைம்பது ஆண்டுபோல இல்லாமல் போயிருந்த விலங்கு, 2015இல் ஜெர்மனிப் பக்கமிருந்து திரும்ப வந்தது. 2019இல் கிழக்கே உள்ள வேலுவெ காட்டில் குட்டி போட்டது, பிறகு எங்கள் குன்றுக்கும் வந்துவிட்டது. இங்கே மான் நிறைய, அதற்குக் குறையில்லை. ஆனால் 2024 ஜூலையில் வடக்கே லூஸ்டன் பக்கத்துக் காட்டில் ஒரு சிறுமியை ஓநாய் தாக்கியது. 2025 ஜூலை கடைசியில் ஆஸ்டர்லிட்ஸ் பிரமிடு என்கிற மண்மேட்டருகே ஆறு வயதுப் பையனைக் கவ்வி இழுத்தது. சிறு பிள்ளைகளோடு அந்தப் பகுதிக் காட்டுக்குப் போகாதீர்கள் என்று மாகாணம் அறிவுறுத்தியது. நாங்கள் வழக்கமாகப் பிள்ளைகளை அழைத்துப் போகிற இடம் அது. அன்றிலிருந்து மாலை நடையில் என் மனைவி பிள்ளைகளின் கையை விடுவதில்லை. இத்தனை நாளும் உண்ணியைத்தான் பயந்தோம், காட்டிலிருந்து வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் என்று தேடிப் பார்ப்பது எங்கள் வீட்டில் கால் கழுவுவது மாதிரி. உண்ணிக்கு ஒரு முறை இருக்கிறது, சின்ன இடுக்கியால் எடுத்துவிடலாம். ஓநாயோடு எப்படி வாழ்வது என்பதற்கு ஊரில் யாருக்கும் பழக்கம் இல்லை. கையால் நட்ட காட்டில், வரிச்சலுகையால் காப்பாற்றிய காட்டில், அழைக்காமல் வந்த ஒரே ஜீவன் அதுதான். அதனாலேயே ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பிள்ளை வைத்திருக்கிறவன் என்ற முறையில், மனிதனைத் தொடப் பழகிவிட்ட ஓநாயை அகற்றத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். மற்றவை இருக்கட்டும்.

இதை எழுதும்போது நவம்பர். தெருவோரம் நகராட்சி கம்பிவலைக் கூடைகளை வைத்துவிட்டது, இலை போடுவதற்கு. என் ஓக் மரம் மட்டும் அதில் ஒன்றை இரண்டு நாளில் நிரப்பிவிடும். சனிக்கிழமை காலையில் தெருவின் எட்டு வீட்டுக்காரர்களும் வாருகோலோடு இறங்குவோம், எதிர்வீட்டு அம்மா காப்பி கொண்டுவருவார், பக்கத்து வீட்டுத் தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து எந்த இடத்தில் இன்னும் இலை கிடக்கிறது என்று கைத்தடியால் காட்டுவார். ஞாயிறு யாரும் தொட மாட்டோம். புதன்கிழமை லாரி வரும், அதற்குள் தரை மறுபடி மூடியிருக்கும்.